பெயர் மாறலாம், எண் மாறலாகாது

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸ் இயங்குதளமும் விண்டோசுடன் இடம்பெற்றிருந்தது. அத்தகைய கணினி அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறும்போது, பயனர் கணக்கின் பெயரை மாற்றாமல் புதுக்கணக்கு திறந்து, பழைய கோப்புகளை அதில் கொட்டிவிடும் வழக்கத்தை இப்பத்தி பலமுறை கண்டித்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இவ்வாரமும் அதுவே நடந்திருப்பது வேதனைக்குரியது.

லினக்ஸ் ஒருவரை அடையாளம் காண்பது பெயரால் அன்று. 1000, 1001 எனக் கணக்குக்கு ஒதுக்கப்படும் பயனர் எண்ணால். கோப்பின் உரிமையும் அவ்வெண்ணின் பேரிலேயே பதிவாகிறது. ஆகவே, அக்கணக்கைவிட்டு வெளியேறி, வேறொரு நிர்வாகக் கணக்கில் நுழைந்து, ‘யூசர்மாட்’ கட்டளையால் பெயரை மாற்றி, பயனரின் கோப்புகள் தங்கும் வீட்டு அடைவையும் அக்கட்டளையாலேயே நகர்த்தினால், கோப்புகளின் உரிமை கெடுவதில்லை. பழைய பாதையையே நம்பியிருக்கும் நிரல்களுக்காக, அப்பெயரில் புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பு ஒன்றை விட்டுவைத்தல் வேண்டும்.

இவ்வொழுங்கின் அருமை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், பின்னர் காமராசர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கனார் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் வெடித்து உயிர்கள் பறிபோயின. அதையடுத்து, தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு நீக்கியபோது, காமராசர் மாவட்டமும் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஆயினும், அஞ்சல் குறியீட்டு எண் 626125 மாறவில்லை. மாவட்டப் பெயர் எதுவாயினும் கடிதம் உரிய வாசலை அடைந்தது.

பத்திரங்களின் நிலையும் இதுவே. தாத்தா வாங்கிய மனையின் கிரயப்பத்திரம் இராமநாதபுரம் மாவட்டம் என்றும், தந்தை பெயருக்கு எழுதப்பட்ட பாகப்பத்திரம் காமராசர் மாவட்டம் என்றும், பேத்தி பெறும் பட்டா விருதுநகர் மாவட்டம் என்றும் கூறினாலும், கிராமப் பெயரும் சர்வே எண்ணுமே அம்மூன்றும் ஒரே நிலத்தைக் குறிப்பவை என்று காட்டுகின்றன. ஆனால் 1990இல் பிறந்தவரின் பள்ளிச் சான்றிதழில் அத்தகைய எண் ஏதுமின்றிக் காமராசர் மாவட்டம் என்று மட்டும் இருக்க, இன்றைய மாவட்டங்களை மட்டுமே பட்டியலிடும் இணையப் படிவம் அவரைத் திகைக்கவைக்கிறது.

பெயரை மாற்றும் அதிகாரம் பெற்றவர்க்கு, பழைய பெயரோடு வருபவரைப் புதிய பெயரில் சேர்க்கும் கடமையும் உண்டு. அரசின் படிவங்கள் ஒவ்வொன்றும் நீக்கப்பட்ட மாவட்டப் பெயர்களையும் ஏற்று, இன்றைய பெயரோடு தாமே இணைத்துக்கொள்ள வேண்டும். அச்சுமையைக் குடிமக்கள் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.