கைப்பேசி கடக்காத தெரு

கந்தர்வக்கோட்டை ஒரு தனித்தொகுதி. 2008 மறுசீரமைப்புக்குப் பின் 2011 தேர்தலில் இருந்து இங்கே பட்டியல் சாதியினர் மட்டுமே போட்டியிட முடியும். ஆனால் வேட்பாளருக்கு ஊருக்குள் யார் வாக்குக் கேட்பது, வாக்குச்சாவடிக் குழுவில் யார் பெயரை எழுதுவது என்பதை முடிவு செய்யும் ஒன்றிய, கிளைப் பொறுப்புகளுக்குச் சட்டப்படி எந்த ஒதுக்கீடும் கிடையாது. 1932 பூனா ஒப்பந்தத்தின் காயம் இதுதான்: இடம் நமக்கு, கடிவாளம் அவர்களுக்கு.

இணையம் இதை மாற்றும் என்று நம்மில் பலர் நம்பினோம். ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, சேரி இளைஞர் ஒருவர் நேரடியாகக் கட்சித் தலைமையுடனும் உலகத்துடனும் பேசலாம் என்று நினைத்தோம். கட்சிகளும் அப்படித்தான் சொல்லின. எல்லாக் கட்சிக்கும் தகவல் தொழில்நுட்ப அணி வந்தது. 2024 மார்ச்சில் தமிழக வெற்றிக் கழகம் செயலி வழியாகவே உறுப்பினர் சேர்த்தது. 2025 ஜூலையில் தி.மு.க. ‘ஓரணியில் தமிழ்நாடு’ என்று வீடு வீடாகப் போனது. அங்கும் கடைசியில் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணில்தான் போய் நின்றது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஓடிபி பெறுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

உறுப்பினர் எண்ணிக்கை கூடியது. கிளைக் கூட்டம் என்ன ஆனது?

பழைய கிளைக் கூட்டம் புனிதமானது என்று சொல்ல வரவில்லை. அங்கும் சேரித் தோழர் ஓரமாகத்தான் உட்கார வைக்கப்பட்டார். ஆனாலும் ஒரே பாயில் உட்கார வேண்டிய ஒரு கட்டாயம் இருந்தது. உட்கார மறுத்தால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதைக் கேள்வி கேட்க முடிந்தது. வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கட்டாயம் இல்லை. அட்மின் தன் போனில் இருக்கும் எண்களைத்தான் முதலில் சேர்ப்பார். நம் ஊர்களில் ஒருவர் போனில் இருக்கும் எண்கள் யாருடையவை? பங்காளி, மாமன், மச்சான், ஒரே தெருக்காரர். ஊருக்கு ஒரு குழு, சேரிக்கு ஒரு குழு என்று யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. அது தானாக நடக்கும். யாரையும் வெளியே தள்ளாமலேயே தீண்டாமையைக் கடைப்பிடிக்க முடிகிற முதல் கட்சி அமைப்பு இதுவாகத்தான் இருக்கும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் நம் மாவட்டம் பார்த்தது. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய ஓர் ஆடியோ வாட்ஸ்அப்பில் பரவியது. பொன்னமராவதி கொந்தளித்தது, கல்வீச்சு நடந்தது, 144 தடை உத்தரவு போடப்பட்டது. அந்த இழிவு கண்டிக்கத்தக்கது, ஐயமில்லை. ஆனால் ஒரு குரல் பதிவு ஒரு சாதியையே தெருவுக்குக் கொண்டுவரும் வேகத்தைப் பாருங்கள்.

அடுத்து வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. செய்தி இணையத்தில் நாடெங்கும் போனது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் போன பிறகுதான் அங்கிருந்த இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் விடாத கொடுமையும் அம்பலமாயின. நான் கேட்பது இதுதான். அந்தக் கடையில் டீ குடித்தவர்களில் கட்சிக்காரர்கள் யாருமே இல்லையா? அவர்கள் கையில் போன் இல்லையா? ஒருவர்கூட அந்தக் குவளையைப் படம் எடுத்துத் தலைமைக்கு அனுப்பவில்லையா? அனுப்பியும் தலைமை பார்க்கவில்லையா?

முடிவில் கைப்பேசி யாருக்கு எதிராகத் திரும்பியது? 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. நீதிமன்றம் விசாரிக்கும் முன்பே படங்களும் உரையாடல் பதிவுகளும் சமூக ஊடகங்களில் கசிந்தன. பாதிக்கப்பட்ட தெருவே குற்றவாளித் தெரு என்று கைப்பேசித் திரைகளில் தீர்ப்பு எழுதப்பட்டது.

அப்படியானால் இணையத்தை விட்டு வெளியேறுவதா? இல்லை. அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். நமக்கென்று ஊடகம் வேண்டும் என்பது நம் முன்னோர் காட்டிய வழி. ஆனால் அயோத்திதாசரின் பத்திரிகைக்குப் பின்னால் கோலார் தங்கவயல் வரை பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. படித்தவர்கள் கூடினார்கள். நாம் பார்க்கிறோம், பகிர்கிறோம், கூடுவதில்லை.

புதுக்கோட்டைக்கு இது புதிய பாடமும் அல்ல. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். கேலியும் வசவும் கேட்டுக்கொண்டே ஓட்டினார்கள். சைக்கிளில் ஏறிய பெண் ஊர்த் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், போனாள். கைப்பேசியில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகலாம், பக்கத்துத் தெருவுக்குப் போகாமலேயே.

நம்மிடம் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளிடமும், நம் தோழமைக் கட்சிகள் உட்பட, மூன்று கேள்விகளை வைப்போம். உங்கள் கிளைக் கூட்டம் கடைசியாக எப்போது எங்கள் தெருவில் நடந்தது? உங்கள் ஊர்க் குழுவின் அட்மின்களில் எங்கள் பெண்கள் எத்தனை பேர்? உங்கள் குழுவில் சாதி வெறிப் பதிவு வந்தபோது யாரை நீக்கினீர்கள்?

பதில் சொல்லாதவர்கள் நம் எண்ணைக் கேட்டு வந்தால், ஓடிபி சொல்ல வேண்டாம். முதலில் வந்து உட்காரச் சொல்லுவோம். நம் தெருவில், நம் பாயில், நம் குவளையில் டீ குடித்துவிட்டுப் பேசட்டும்.