பத்தியம் இருக்கட்டும், தண்ணீர் கொடுங்கள்

போன வாரம் எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தோம். குழந்தை பிறந்து இருபது நாள்தான். தாயின் மடியில் குழந்தை இல்லை, மடிக்கணினி இருந்தது. "அதுக்குள்ள வேலைக்குச் சேர்ந்துட்டியாம்மா?" என்றேன். "இல்ல தாத்தா, ஒரு மீட்டிங் மட்டும்" என்றது பெண். மத்தியானச் சாப்பாடு ஓட்டல் பொட்டலம். வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனைவி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பத்தியம் என்றாலே மூடநம்பிக்கை என்று கைகழுவுகிறார்களே, அது எனக்குச் சம்மதமில்லை. என் அம்மாவின் பக்குவத்தைப் பார்த்தவன் நான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் தெருமுனைவரை மணக்கும். காலையில் நெல்லிக்காய் அளவு உருண்டை. மீன்காரம்மாவிடம் முதல்நாளே சொல்லிவைத்துப் பால்சுறா வாங்கி, மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து உதிர்த்து, பூண்டை அள்ளிப்போட்டுப் புட்டு. (வீட்டு ஆண்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு!) நாற்பது நாள் அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. பிரசவத்துக்கு அதில் 'அக்கூஷ்மான்' என்று பெயர். உள்ளே இருக்கும் 'கூஷ்' என்றால் படுக்கை. நாற்பது நாள் கழித்துத் தாய் மாதா கோயிலுக்குப் போய் ஆசி பெறுவதற்கு 'ரெல்வாய்' என்பார்கள், எழுந்திருப்பது என்ற பொருளில். வெள்ளைக்காரனும் படுக்கவைத்துத்தான் எழுப்பியிருக்கிறான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் இரண்டாவது பிள்ளை 1980 மே மாதம் பிறந்தது. கத்திரி வெயில். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மா வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான் கொடுத்தார். நான்காம் நாள் மனைவிக்கு நாக்கு வறண்டது, நீர்க்கடுப்பு, பாலும் குறைந்தது. இரவில் "ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று என்னிடம் கேட்டாள். பக்கத்து அறையில் அம்மா. நான் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல். டாக்டரம்மா அம்மாவைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதைக் குடிக்கவிடாமல் பால் எங்கிருந்து வரும் என்றார்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டியதும் அதே அம்மாதான். காய்கறி, பழம் எல்லாம் 'குளிர்ச்சி' என்று ஒதுக்கியதும் அவர்தான். சுறாப்புட்டு செய்த அதே கை.

ஆபீசில் நான் அதிகம் பார்த்தது விடுப்புக் கோப்புகள். நான் சேர்ந்தபோது அரசு ஊழியத் தாய்க்கு 90 நாள். 1997-இல் 135, 2008-இல் 180. தனியார் கம்பெனிப் பெண்களுக்கும் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் உண்டு. சட்டம் கொடுத்த நாளை மீட்டிங்குக்குத் தாரைவார்க்காதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றும் வாய் வரவில்லை.

நேற்று என் மனைவி பூண்டுக்குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் செய்து தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள். கூடவே ஒரு பெரிய பிளாஸ்க் நிறைய, ஆறவைத்த தண்ணீர்.