கிரகணத்தின்மேல் விழும் பழி

சூரிய கிரகணத்தின்போது வானிலிருந்து விஷக்கதிர் இறங்குகிறது என்ற நம்பிக்கை, மலேசியாவின் சிரம்பான் லோபாக்கிலிருந்து நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்கள் வரை, தமிழ்க் குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோயில் நடை சாத்தப்படுகிறது. சமைத்த உணவில் தர்ப்பை போடப்படுகிறது. கர்ப்பிணிகள் கதவடைத்த அறையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, கெடுதலும் செய்கிறது. இல்லாத ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்துவதால், இருக்கிற ஆபத்து கண்ணில் படாமல் போகிறது.

கிரகணம் என்பது நிலவின் நிழல். சூரியனிலிருந்து வழக்கமாக வரும் ஒளியே அப்போதும் வருகிறது, குறைவாக வருகிறது. புதிய கதிர் எதுவும் பிறப்பதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லிலும் சிங்கப்பூரிலும் நெருப்பு வளையமாகத் தெரிந்த கிரகணம், நெகிரி செம்பிலானில் நண்பகலையொட்டி சூரியனின் பெரும்பகுதியை மறைத்தது. அன்றைய வெயிலில் முந்தைய நாள் வெயிலில் இல்லாத நஞ்சு ஒன்றும் இல்லை. கிரகணத்தன்று கர்ப்பிணி கத்தி எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கருவின் மேலுதடு ஏறத்தாழ ஏழாவது வாரத்திற்குள் உருவாகிவிடுகிறது; பிளவுக்கு மரபணுவும், புகைபிடித்தலும், சில மருந்துகளும், தாயின் நீரிழிவும் காரணமாகலாம். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தையைக் காட்டித் தாயைக் குற்றவாளியாக்குவது கொடுமை.

கண்ணுக்குக் கேடு செய்வது சூரியன். மற்ற நாட்களில் கூச்சமே கண்ணைத் திருப்பிவிடும். கிரகணத்தில் ஒளி மங்குவதால் கூச்சம் குறைகிறது, பார்வை நிலைக்கிறது. ஆனால் மறையாமல் எஞ்சிய பிறையின் ஒவ்வொரு புள்ளியும் முன்போலவே சுடுகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் எரிவது தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் மங்கலோ கரும்புள்ளியோ தோன்றும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தேறும், சிலருக்கு நிலைத்துவிடும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. சிறுவர்களின் கண்வில்லை கூடுதல் ஒளியை உள்ளே விடுவதால் அவர்களுக்கு ஆபத்து மேலும் அதிகம்.

விஷக்கதிருக்கு அஞ்சாதவர்களும் தப்பவில்லை. அவர்கள் கையில் எக்ஸ்ரே படமும், புகை பிடித்த கண்ணாடியும், மஞ்சள் கரைத்த தண்ணீரும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள வடிகட்டி, விழும் ஒளியில் லட்சத்தில் மூன்று பங்கு அளவே விடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி நூற்றில் பத்துக்கு மேலேயே விடுகிறது. எக்ஸ்ரே படத்தின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். எலும்பு பதிந்த இடத்தில் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். தண்ணீர் இன்னும் ஏமாற்றும். மஞ்சள் நீருக்குள்ளே கலந்திருக்க, சூரியன் தெரிவது நீரின் மேற்பரப்பில். உச்சிவெயிலில் அது சுமார் நூற்றில் இரண்டு பங்கை அப்படியே திருப்பி அனுப்புகிறது. நல்ல வடிகட்டி விடுவதைப்போல் அது 600 மடங்குக்கு மேல். வெல்டிங் கண்ணாடியில் 12 முதல் 14 வரையிலான எண்களே பொருந்தும்.

கருவிகள் சேரும்போது சேதம் நொடியில் நடக்கும். தொலைநோக்கியும் நீண்ட கேமரா லென்சும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கின்றன. ஷட்டர் திரையும் சென்சாரும் கருகும், பார்ப்பவரின் கண்ணும் போகும். வடிகட்டி லென்சின் முன்முகத்தில் இருக்க வேண்டும். கண் வைக்கும் முனையில் திருகும் சிறிய வடிகட்டி சூட்டில் வெடிக்கக்கூடியது. கிரகணக் கண்ணாடி அணிந்தபடி வடிகட்டி இல்லாத பைனாகுலரில் பார்ப்பதும் பார்வையைப் பறிக்கும், குவிந்த ஒளி அந்தக் கண்ணாடியையே துளைத்துவிடும்.

இவ்வளவும் இல்லாமல் கிரகணம் பார்க்கச் செலவில்லாத வழி உண்டு. அட்டையில் சிறு துளையிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒன்பது மில்லிமீட்டர் அளவில் பிறைச் சூரியன் விழும். பால்மரத் தோப்பில் அட்டையும் வேண்டாம். இலை இடுக்குகளே தரையெங்கும் பிறைகளை வரையும்.

கிரகணம் இல்லாத நாட்களிலும் செம்பனைக் குலை வெட்டுவோர் வெயில் வானத்தை நோக்கித்தான் நாளெல்லாம் அண்ணாந்து வேலை செய்கிறார்கள். புறஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் படுவதால் வெண்விழியில் சதை வளர்கிறது, கண்புரை முந்துகிறது. மூன்று மணி நேரக் கிரகணத்துக்குக் கதவடைக்கும் வீட்டில், இந்த வெயிலுக்கு விளிம்பு அகன்ற தொப்பியும் புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்கித் தர யாருக்கும் தோன்றுவதில்லை.

2031 மே 21 அன்று ஒரு வளையக் கிரகணம் தென்னிந்தியா, வட இலங்கை, மலேசியா வழியே செல்கிறது. தமிழ்ப்பள்ளிகள் அன்று பிள்ளைகளை வகுப்பறைக்குள் பூட்டி வைக்காமல், துளையிட்ட அட்டையைக் கையில் கொடுத்துத் திடலுக்கு அழைத்து வர வேண்டும்.