எட்டு ரூபாய் பங்கு மலிவானதல்ல

"அம்பது ரூபாய்க்குள்ள நல்ல ஷேரா ஒண்ணு சொல்லுங்க சார்." கும்பகோணத்தில் நான் நடத்தும் பங்குத் தரகு அலுவலகத்துக்குப் புதிதாக டீமேட் கணக்குத் தொடங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஓய்வுபெற்ற ஆசிரியரும் கேட்கிறார், முதல் சம்பளம் வாங்கிய பையனும் கேட்கிறான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் பங்கு கிடைத்தால் நிறைய வாங்கிவிட்ட திருப்தி. அந்தத் திருப்திதான் பலருடைய சேமிப்பைக் கரைக்கிறது.

ஒரு பங்கின் விலையை மட்டும் வைத்து அது மலிவா, உசத்தியா என்று சொல்லவே முடியாது. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் தயாரித்துத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தைப் பாருங்கள். 2023 ஜூனில் அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியச் சந்தையில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான். ஆனால் அந்த கம்பெனிக்கு இருக்கும் மொத்தப் பங்குகளே சுமார் 42.4 லட்சம். 1 லட்ச ரூபாய் விலையில் கணக்குப் போட்டால் முழு கம்பெனிக்கும் ஏறக்குறைய 42,400 கோடி ரூபாய். இதைத்தான் சந்தை மதிப்பு என்கிறோம்.

இப்போது செல்போன் சேவை தரும் வோடஃபோன் ஐடியாவுக்கு வருவோம். மத்திய அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியில் ஒரு பகுதியை 2025-ல் பங்குகளாக மாற்றிக்கொண்ட பிறகு அதன் பங்குகள் 10,800 கோடிக்கு மேல். ஒன்று 8 ரூபாய் என்று வைத்தாலே சந்தை மதிப்பு 86,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2023-24-ல் எம்.ஆர்.எஃப். ஈட்டிய லாபம் 2,000 கோடிக்கு மேல். வோடஃபோன் ஐடியாவின் நட்டம் 31,000 கோடிக்கு மேல். இதை வாங்குங்கள், அதை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு ரூபாய் என்பதற்காகக் கை நீளக் கூடாது என்கிறேன். மனை வாங்கப் போகிறவர் எத்தனை சதுர அடி என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பாரா?

அந்த ஆண்டு எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றுக்குக் கிடைத்த லாபம் ஏறக்குறைய 4,900 ரூபாய். 1 லட்சத்தை இதால் வகுத்தால் 20 சொச்சம் வரும். ஒரு ரூபாய் லாபத்துக்கு நாம் கொடுக்கும் விலை இருபது ரூபாய் என்று பொருள். பி.இ. விகிதம் என்று எல்லோரும் மிரளுவது இந்த ஒரு வகுத்தலைத்தான். நட்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இந்தக் கணக்கையே போட முடியாது.

லாபத்திலிருந்து கம்பெனி பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டிலும் இதே மயக்கம் உண்டு. அந்த ஆண்டுக்கு எம்.ஆர்.எஃப். கொடுத்தது பங்குக்கு 200 ரூபாய். முகமதிப்பு 10 ரூபாய் என்பதால் அது 2,000 சதவீதம். கேட்கப் பிரமாதம். ஆனால் 1 லட்சம் போட்டு வாங்கியவருக்கு 0.2 சதவீதம்தான்.

விலையை மட்டும் பார்ப்பதால் வரும் பயமும் உண்டு. 2024 அக்டோபர் 28 அன்று, வைத்திருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாகத் தரும் போனஸுக்காக ரிலையன்ஸ் பங்கின் விலை சரிசெய்யப்பட்டது. 2,650 ரூபாய் வாக்கில் இருந்த விலை காலையில் 1,330 என்று திரையில் தெரிந்தது. சந்தை திறந்த சற்று நேரத்தில் ஒரு அம்மாவிடமிருந்து போன். "தம்பி, பாதிக்குப் பாதி விழுந்துடுச்சே, வித்துடு!" குரல் நடுங்கியது. "உங்க அம்பது பங்கு நூறாகப் போகுதும்மா, ஒரு ரூபாய்கூட எங்கேயும் போகலை" என்று சொல்லிப் புரியவைத்தேன். அன்று அவர் விற்றிருந்தாலும் போனஸ் பங்குகள் வந்துசேரும் என்பதால் நட்டம் இல்லை. ஆனால் அவர் பட்ட பயம் தேவையே இல்லாதது.

உண்மையான நட்டம் வேறு இடத்தில் நடக்கிறது. டெலிகிராம் குழுக்களில் 'டிப்ஸ்' கொடுப்பவர்கள் பெயர் தெரியாத, அதிகம் கைமாறாத மூன்று ரூபாய், ஐந்து ரூபாய்ப் பங்குகளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். கொஞ்சம் பணத்தைப் போட்டே தினமும் அப்பர் சர்க்யூட் வரை, அதாவது ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட உச்ச ஏற்றம் வரை, ஏற்றிவிட முடியும். நம்மவர் உள்ளே நுழைந்ததும் அவர்கள் வெளியேறுவார்கள். பிறகு தினம் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச இறக்கம். விற்கப் போட்டால் வாங்க ஆள் இருக்காது.

'50 ரூபாய்க்குள் கிடைக்கும் பங்குகள்' என்று பட்டியல் போடும் ஆப்கள் அதை நிறுத்த வேண்டும். பங்கு விலை வெளியிடும் பத்திரிகைகள் பக்கத்திலேயே சந்தை மதிப்பையும் சென்ற ஆண்டு லாபத்தையும் அச்சிட வேண்டும். அதுவரை, யாராவது ஒரு பங்கின் பெயரைச் சொன்னால் மொத்தம் எத்தனை பங்கு, போன வருஷம் எவ்வளவு லாபம் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் தெரியாதவர் சொல்லும் பங்கை வாங்காதீர்கள்.