பார்த்துப் போட்டால் என்ன குறை?

ஆயில் பெயின்டிங் பழகுகிறவர் இன்னொருவர் படத்தைப் பார்த்துப் போட்டால் ‘காப்பிதானே’ என்று உதட்டைப் பிதுக்குகிறோம். நம் ஊரில் இந்த இளக்காரத்துக்கு வயது அதிகமில்லை.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். இளைஞர் ரவி வர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. வேலை செய்வதைப் பார்க்க மட்டும் விட்டார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கரும் தொழிலைக் காட்டிக்கொடுக்கவில்லை என்கிறார்கள். பார்த்துப் பார்த்தே கைவந்த வித்தைக்கு 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் இருக்கும் ஓவியக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியபோதும், இருப்பதைப் பார்த்து அப்படியே வரைவதுதான் பாலபாடம். பிறகு கே.சி.எஸ். பணிக்கர் தலைமுறை தனக்கென ஒரு கோடு தேடியது; 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அந்தத் தேடல் நியாயமானது. ஆனால் அதற்குப் பின் ‘காப்பி’ வசைச்சொல்லாகிவிட்டது. சினிமா பேனர் ஓவியர்கள் மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல், ஸ்டில் மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் வார இறுதி வகுப்புகளில் இப்போது அந்தக் கட்டம் திரும்பி வந்திருக்கிறது. பலர் எடுத்துக்கொள்வது ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்கள்: அரைவெளிச்சத்தில் ஒரு பெண், பக்கவாட்டிலிருந்து விழும் ஒளி. 2021இல் கொரோனா கொண்டுபோன அந்த ஓவியரைக் குருவாக வரித்தது நல்ல தேர்வு. பளிச்சென்ற படத்தில் நிறம் தப்பை மூடிவிடும். மங்கலான படத்தில் தப்பிக்க வழியில்லை. நிழல் விழுந்த கன்னத்துக்குக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் தோல் நீலம் பாரித்துச் செத்துப்போகும். பர்ன்ட் அம்பரோடு துளி அல்ட்ராமரின் சேர்த்து வெள்ளையில் இளக்கினால்தான் உயிருள்ள சாம்பல் வரும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கூந்தல் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில் கோடு போடாமல் விடக் கை பழகவே மாதக்கணக்காகும். முதல் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் காய்ந்தபின் வெடிக்கும்.

சிக்கல் வேறிடத்தில். இவர்கள் பார்த்துப் போடுவது படத்தை அல்ல, செல்போனை. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் நிழலே இடம் மாறுகிறது. சாயம் எங்கே மெல்லிசு, எங்கே தடிமன் என்பதும் கண்ணாடிக்குள் தெரியாது. ரவி வர்மா பார்த்தது நிஜக் கான்வாஸில் ஓடிய நிஜத் தூரிகையை.

எழும்பூர் அருங்காட்சியகத்திடம் அதே ரவி வர்மாவின் மூல ஓவியங்கள் இருக்கின்றன. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல். அங்கிருந்து எழும்பூர் கூப்பிடு தூரம். வாரத்தில் ஒரு நாள் ஈசலோடு வருகிறவர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கினால் அரசுக்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. 1793இல் திறந்த பாரிஸின் லூவ்ர், தொடக்கம் முதலே ஓவியர்களை உள்ளே உட்கார்ந்து நகல் எடுக்க விட்டது. அனுமதி வாங்கிக்கொண்டு இன்றும் எடுக்கிறார்கள். போலி கிளம்பிவிடுமே என்று பயந்தால், அதற்கும் அங்கே ஒரு விதி இருக்கிறது: நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக் கூடாது.