கடவுள் பார்த்துக்கொள்வார் என்று யார் சொல்லலாம்?

"கடவுள் பார்த்துக்கொள்வார்." இந்த வார்த்தையை முதலில் என் அம்மாவிடம்தான் கேட்டேன். மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார். எங்களுக்கும் தைரியம் வரும்.

அதே வார்த்தையை 2020 ஏப்ரலில் எங்கள் பங்குப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது.

அந்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். மார்ச் 25 முதல் ஊரடங்கு. கோவில் கதவு சாத்தியாகிவிட்டது. ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். என்னைப் போன்றவர்களுக்கு ஓய்வூதியம் தவறாமல் வந்தது. ஆனால் எங்கள் பங்கில் வண்ணம் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். கோவில் வாசலில் மெழுகுவர்த்தி விற்ற ஒரு பாட்டியும் இருந்தார். கோவிலே மூடிக்கிடந்தால் மெழுகுவர்த்தி யார் வாங்குவார்கள்?

மணிக்கூண்டு வேலைக்கென்று சேர்த்த பணம் வங்கியில் வைப்புத்தொகையாக இருந்தது. தொலைபேசியில் நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தபோது, அதில் கொஞ்சம் எடுத்து அரிசி, பருப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெரியவர் சொன்னார்: "அது கோவில் காசு, கை வைக்கக் கூடாது. செபமாலை சொல்லச் சொல்லுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார்."

எல்லாரும் சரி என்றோம். நானும்தான். மேலே இருப்பவர் சொன்னால் எதிர்த்துப் பேசாத குமாஸ்தா புத்தி ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அன்று பேசாததை இன்று எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே. இல்லாதவன் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால் அது விசுவாசம். இருப்பவன் இல்லாதவனைப் பார்த்து அதையே சொன்னால் அது தட்டிக்கழிப்பது. யாக்கோபு தன் திருமுகத்தில் இதைத்தான் கண்டிக்கிறார். உடையும் உணவும் இல்லாதவனிடம் "நல்லபடி போய் வா" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று கேட்கிறார்.

வானத்துப் பறவைகளைப் பற்றி ஆண்டவர் சொல்லவில்லையா என்பார்கள். சொன்னார். உன் நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே என்றார். அடுத்த வீட்டுக்காரனின் இன்றைய பட்டினியைப் பற்றிக் கவலைப்படாதே என்று எங்கே சொன்னார்? பாலைவெளியில் கூட்டம் பசித்திருந்தபோது, அவர்களை அனுப்பிவிடலாம் என்றார்கள் சீடர்கள். நீங்களே உணவு கொடுங்கள் என்றார் ஆண்டவர். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் அவர் கைக்கு வந்த பிறகுதான் புதுமை நடந்தது.

திருத்தூதர் பணிகளில் இன்னொரு செய்தி. பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற இறைவாக்கினர் அந்தியோக்கியாவில் முன்னறிவித்தார். கிளாதியு மன்னன் காலத்தில் அது வரவும் செய்தது. அந்தியோக்கியா சபையார் செபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவரவர் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். பிற்பாடு பவுல் எருசலேம் ஏழைகளுக்காக வசூல் செய்தபோது, வறுமையில் வாடிய மாசிதோனியா சபைகள் தாராளமாகக் கொடுத்ததைக் கொரிந்து சபைக்கு எடுத்துக்காட்டி எழுதினார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கு முசியே வேன்சானைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். புனித வின்சென்ட் தே பவுல்தான். 1617-இல் அவர் ஷத்தியோன் என்ற சிற்றூரில் பங்குச் சாமியாராக இருந்தார். ஒரு ஞாயிறன்று, ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் கிடக்கிறது என்று பிரசங்கத்தில் சொன்னார். அன்றே ஊர் முழுவதும் உணவோடு அங்கே போய்விட்டது. அவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கவலையும் வந்தது. இன்று இவ்வளவு குவிந்தால் வீணாகும், நாளைக்கு என்ன செய்வார்கள்? உடனே ஊர்ப் பெண்களைக் கூட்டி, முறை வைத்து உதவ ஒரு சங்கம் அமைத்தார். கடவுளின் பராமரிப்பை அவரைவிட அதிகமாக நம்பியவர் யார்? அவரே முறைப்பட்டியல் போட்டார்.

"உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சிலர் என்னிடம் சொல்லக்கூடும். அவர்களை ஒன்று கேட்கிறேன். நாம் வங்கியில் வைப்புத்தொகை வைத்துக்கொண்டு, அரிசி இல்லாதவனிடம் கடவுளை நம்பு என்கிறோமே, நம் இருவரில் யார் கடவுளை நம்புகிறார்கள், யார் வங்கியை நம்புகிறார்கள்? சாரிபாத்துக் கைம்பெண் கடைசிப் பிடி மாவைப் பிசைந்து எலியாவுக்குக் கொடுத்தாள். அதன் பிறகுதான் பானை குறையாமல் இருந்தது. அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "மணிக்கூண்டைக் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இருந்திருக்கும்.

கடைசியில் எங்கள் அன்பியத்துப் பெண்கள் நான்கு பேர் வீடு வீடாகப் போன் செய்து கேட்டு, தங்கள் கைக்காசில் சாமான் வாங்கி, முடிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். வைப்புத்தொகை அப்படியே இருந்தது. மணிக்கூண்டு பிறகு நன்றாகவே கட்டப்பட்டது.

கோவில் திறந்தபோது மெழுகுவர்த்திப் பாட்டியின் இடம் காலியாக இருந்தது. வெளியூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் எப்படிப் போனார், அதுவரை என்ன சாப்பிட்டார் என்று எங்களில் ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

கஷ்ட காலம் இன்னும் வரும். அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், திருவிழாக் கணக்கு வாசித்து முடித்ததும், கையைத் தூக்கிக் கேளுங்கள்: நம் பங்கில் சாப்பாட்டுக்கு இல்லாமல் போனால் கொடுக்க எவ்வளவு வைத்திருக்கிறோம்? யார் யார் வீட்டுக்குப் போவது? பதில் இல்லையென்றால் அன்றே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எல்லாரும் முழந்தாளிட்டுச் செபிப்போம். அப்போது கடவுள் பார்த்துக்கொள்வார்.