நத்தார்ச் சோடனையும் கலாநிதிப் பட்டமும்

சென்ற ஆண்டு மார்கழி நடுப்பகுதியில் ஒரு காலைப்பொழுது, கல்லடியிலிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அழைத்தவள் எனக்குத் தங்கை முறையானவள். சுகம் விசாரிக்கவும் பொறுமையின்றி, "அண்ணன், ஒரு படம் அனுப்பியிருக்கன், பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன். வட ஐரோப்பிய நகரமொன்றில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருக்கும் அவளுடைய மகள், கதிரையொன்றின் மேல் ஏறி நின்று, நத்தார் மரத்தின் உச்சியில் கடதாசி நட்சத்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நான்கு மாணவர்கள் மின்குமிழ்ச் சரத்தைப் பிடித்தபடி கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தனர்.

"படிக்கத்தானே அனுப்பின நாங்க, சோடனை கட்டவா அனுப்பின?" என்றாள் தாய்.

வாசகர்களே, இக்கேள்வியை எள்ளி நகையாட நான் வரவில்லை. பிள்ளையை விமானமேற்ற ஈடு வைத்த நகை இன்னும் மீட்கப்படாத வீட்டிலிருந்து எழுந்த கேள்வி அது. இதே கேள்வியை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் தொரன்டோவிலும் எத்தனையோ தாய் தந்தையர் கேட்கின்றனர். ஆயினும் இக்கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் துணிபு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

அன்று மாலையே அப்பிள்ளையுடன் பேசினேன். வாவி நீரைப் போன்ற உவர்நீரில் வாழும் நுண்ணுயிர்களே அவளுடைய ஆய்வுப்பொருள். நீரின் உப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் அவை எவ்வாறு ஈடுகொடுத்து வாழ்கின்றன என்பதை அவள் ஆராய்கிறாள். வாவிக்கரையில் வளர்ந்தவளுக்கு இது புதிய செய்தியன்று. மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் திறக்கும்போது வாவி நீரின் தன்மையே மாறிவிடுவதை எங்கள் மீனவர் நன்கறிவர்.

"நுண்ணுயிருக்கு நத்தாரும் தெரியாது, பொங்கலும் தெரியாது மாமா. எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாதிரி எடுக்க வேணும்" என்றாள். அவர்கள் குசினியிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவாம். அவளும், அதே ஆய்வுகூடத்தில் பணிபுரியும் வீட்டுத் தோழி ஒருத்தியும் எந்த நேரத்தில் யார் மாதிரி எடுப்பது என்பது ஒன்று. யார் சமைப்பது, யார் கூட்டுவது, யார் மரம் சோடிப்பது என்பது மற்றையது. "ரெண்டிலயும் என்ட பேர் இருக்கு மாமா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விடையும் இருப்பதாக எனக்குப் பட்டது. நாம் முதலாவது பட்டியலை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். இரண்டாவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறோம். அந்நிய மண்ணில் ஒருவரை நிலைநிறுத்துவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பட்டியலே.

இதை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. ஆய்வுக்காக எங்கள் மண்ணுக்கு வந்த அந்நியர்களை நினைத்துப் பார்த்தாலே போதும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுக்கு வந்தார். தாய்வழியாக வரும் குடி முறையையும், அம்முறையைத் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வழியில் பேணுவதையும் அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அதன் பெரும் விளைவான நூல் 2008இல்தான் வெளிவந்தது. இந்தக் குடி முறையை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் முழுமையாகக் காணமுடியாது. கோயில் திருவிழாவின் எந்த நாள் எந்தக் குடிக்கு உரியது, யார் முன்னே நிற்பார், யாருக்கு எந்த வரிசை என்பவற்றிலேதான் அது கண்ணுக்குப் புலப்படும். அத்தகைய ஆய்வாளருக்குப் பந்தலும் தோரணமுமே ஆய்வுகூடம்.

மார்கரட் ட்ராவிக்கும் அவ்வாறே. தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து வாழ்ந்து, அக்குடும்பத்தின் அன்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1990இல் வெளியானது. பின்னர் போர்க்காலத்தில் மட்டக்களப்பில் தங்கி, போரையும் பிள்ளைப்பருவத்தையும் விளையாட்டையும் ஒன்றாக வைத்து 2007இல் மற்றுமொரு நூலை வெளியிட்டார். வீட்டாரோடு உண்டும் உறங்கியும் வாழாத ஒருவரால் இத்தகைய நூல்களை எழுத இயலுமா?

"அவர்கள் மனிதரை ஆராய்ந்தார்கள், இவள் நுண்ணுயிரையல்லவா ஆராய்கிறாள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நத்தார் மரம் சோடிப்பதால் அவளுடைய நுண்ணுயிர்கள் விரைந்து வளரப்போவதில்லை. ஆனால் அவற்றைக் கண்காணிப்பவளும் ஒரு மனிதப் பிறவி. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டும் நாட்டில், தாய்மொழி கேளாத அறையில், தோல்வியடைந்த பரிசோதனையோடு தனித்து இருந்தவர்களுக்கே அந்தத் தனிமை தெரியும்.

தங்கையின் கோபத்துக்கு அவள் வாய்விட்டுச் சொல்லாத மற்றொரு காரணமும் உண்டு. மார்கழி எங்களுக்கு வெறும் மாதமன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நத்தாரின் மறுநாள், கடல் எழுந்து வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே மணல் திட்டாகக் கிடந்த நாவலடி ஏறக்குறைய முற்றாக அழிந்தது. கல்லடியும் டச்பாரும் சிதைந்தன. அன்று அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. அம்மம்மாவை அலை கொண்டுபோயிற்று. அவர்கள் சைவக் குடும்பம். எனினும் நத்தாருக்கு முதல் நாள் அயல்வீட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு சேர்ந்து மூங்கிற் சட்டத்தில் கடதாசி ஒட்டி நட்சத்திரம் செய்தவள் அவள். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவள் நட்சத்திரம் எதையும் தொட்டதில்லை.

இதை அறியாமல்தான் வீட்டுத் தோழர்கள் உச்சி நட்சத்திரத்தை அவள் கையில் கொடுத்திருக்கின்றனர். அவள் சற்று நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு காரணத்தைச் சொல்லியிருக்கிறாள். மரத்தை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லி, கதிரையில் ஏறித் தானே கட்டியிருக்கிறாள். தாய் பார்த்த படம் அந்தக் கணத்துக்குரியது.

டிசம்பர் 26 அதிகாலை மாதிரி எடுக்கவேண்டிய முறை அவளுடையது. தோழி அதைத் தான் ஏற்றுக்கொண்டு, பனியில் நடந்து ஆய்வுகூடம் சென்றாள். இவள் கல்லடியில் தாய் விளக்கேற்றிய வேளையில் தொலைபேசித் திரையின் முன் தானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். ஆய்வும் தவறவில்லை, அஞ்சலியும் தவறவில்லை. மரத்தடியில் மின்குமிழ்ச் சரத்தைப் பிடித்து நின்ற கைதான் அன்று ஆய்வுகூடத்திலும் துணைநின்றது. இதைத்தான் தங்கைக்கு எடுத்துச் சொன்னேன். அவள் மறுமொழி எதுவும் சொல்லவில்லை.

இறுதியாக, எங்கள் ஊருக்கும் ஒரு வார்த்தை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமான வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தீவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். அவர்களுட் சிங்களவரும் முஸ்லிம்களும் உளர். எங்கள் பிள்ளைக்கு அந்நிய நாட்டில் கிடைத்த அந்த இரண்டாவது பட்டியலை நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கிறோமா? வாடகை அறையின் வாசலில் ஒரு பிள்ளை வெசாக் கூடு கட்ட விரும்பினால் நம் முகம் எப்படி மாறுகிறது? எங்கள் அச்சத்துக்கு வரலாறு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்தின் துணையோடு நடப்படும் சின்னம் வேறு. வீட்டு நினைவில் ஒரு மாணவி கட்டும் கடதாசிக் கூடு வேறு. இவ்வேறுபாட்டை உணர எங்களால் முடியாதா? பொங்கலன்று தோரணம் கட்ட அவளையும் அழைத்தால் எங்கள் வாசலுக்கு என்ன குறைந்துவிடும்?

தைப்பொங்கலன்று மாலை தங்கையிடமிருந்து மற்றொரு படம் வந்தது. அந்தக் குளிர் நாட்டில் மாவிலைக்கு எங்கே போவது? பச்சைக் கடதாசியில் மாவிலைகள் வெட்டி, நூலில் கோத்து, அதே நால்வரும் வாசலில் கட்டிக்கொண்டிருந்தனர். இம்முறை கதிரையில் ஏறி நின்றவள் அந்தத் தோழி. படத்தின் கீழே தங்கை ஒரு வரி எழுதியிருந்தாள்: "இலையைத் தலைகீழாக் கட்டிருக்குதுகள் அண்ணன், சொல்லிக் குடுக்கவேணும்."